பதினாறு பிக்சல் செங்கல்லும் கைலி மூட்டும்

2024 செப்டம்பர் 12, இரவு 10.50
கொருக்குப்பேட்டைத் தம்பியின் கேள்வி

அண்ணே, ராயபுரம் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு காசிமேடு வரைக்கும் ஒரு பையன் நடந்து போற மாதிரி சின்ன கேம் ஒண்ணு பண்றேன். 16க்கு 16 பிக்சல் டைல், அதான் திரும்பத் திரும்ப ஒட்டி பெரிய படமாக்கற சின்னச் சதுரம், ஜிம்ப்ங்கற இலவச சாஃப்ட்வேர்லதான் வரையறேன். செங்கல் சுவர், தார் ரோடு, கடல் தண்ணி மூணும் முடிச்சாச்சு. தனியா பார்த்தா நல்லா இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சா கட்டம் கட்டமா கோடு தெரியுது. டைல் சீம்லெஸ்னு ஒரு ஃபில்டர் இருக்கே, அதையும் போட்டேன், மங்கலாயிடுச்சு. ஜிம்ப் இதுக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன். காசு கொடுத்து வேற எதாவது வாங்கிடட்டுமா?

2024 செப்டம்பர் 12, இரவு 11.35

எதையும் வாங்காதே. உன் சுவரை 1600 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு பிக்சல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. வலது ஓரத்திலும் அதே. மேலே ஒன்று, கீழே ஒன்று. தனியாகப் பார்த்தால் சட்டம் போட்ட சாமி படம் மாதிரி நன்றாகத்தான் இருக்கும். இரண்டை ஒட்டினால் இந்த டைலின் வலது கோடும் அடுத்த டைலின் இடது கோடும் சேர்ந்து இரண்டு பிக்சல் தடிமன் ஆகிவிடும். உள்ளே செங்கல்லுக்கு நடுவில் ஓடும் கலவைக் கோடு ஒரு பிக்சல், ஓரத்தில் மட்டும் இரண்டு. உனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிவது அதுதான்.

இடதிலும் மேலேயும் கோட்டை வை. வலதிலும் கீழேயும் எடுத்துவிடு. தனியாகப் பார்த்தால் அரைகுறையாகத் தெரியும். இருக்கட்டும், அது தனியாக இருக்கப்போவதில்லை.

2024 செப்டம்பர் 13, காலை 7.10

ராத்திரி தூக்கத்தில் உன் செங்கல்தான் வந்தது. கோட்டை எடுத்தாலும் உன் சுவர் சரியாகாது.

செங்கல் உயரம் கலவையோடு 5 பிக்சல் வைத்திருக்கிறாய். மூன்று வரிசை போட்டால் 15. மிச்சம் ஒரு பிக்சலைக் கறுப்பாக்கி மறைத்துவிட்டாய். சரி, அந்த ஒரு பிக்சலை விடு. வரிசை மூன்று என்பதுதான் பெரிய தப்பு. முதல் வரிசை நேர், இரண்டாவது அரைச் செங்கல் தள்ளி, மூன்றாவது மறுபடி நேர். அதற்குக் கீழே அடுத்த டைல் வந்தால் அதன் முதல் வரிசையும் நேர். நேருக்குக் கீழே நேர் வந்து மூட்டு மேல் மூட்டு உட்கார்ந்துவிடும். நிஜச் சுவரை எந்தக் கொத்தனாரும் அப்படிக் கட்ட மாட்டார், கட்டினால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். படத்தில் விரிசல் விடாது, ஆனால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

வரிசை எண்ணிக்கை இரட்டைப்படையில் இருக்கணும். செங்கல் அகலம் 7, கலவை 1, மொத்தம் 8. உயரம் 3, கலவை 1, மொத்தம் 4. அப்போது 16க்கு 16இல் வரிசைக்கு இரண்டு செங்கல், நான்கு வரிசை, ஒன்று விட்டு ஒரு வரிசை 4 பிக்சல் தள்ளி. மிச்சமே இல்லை. 5 உயரம்தான் வேண்டும் என்றால் டைலை 24 ஆக்கு.

2024 செப்டம்பர் 13, காலை 9.25

24 இல்லை, 20. ஐந்து நாலு இருபது. டீ குடிப்பதற்கு முன்னால் கணக்கு எழுதக்கூடாது.

2024 செப்டம்பர் 14, இரவு 10.05

ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் கோடு வைக்கும் விஷயம் எனக்கு எந்த வீடியோவிலும் கிடைக்கவில்லை. எங்க நைனா சொன்னது. வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோடு பக்கம் முப்பது வருஷம் கைலி மூட்டியவர். கட்டம் போட்ட கைலித் துணியை மூட்டும்போது இந்த ஓரத்துக் கட்டமும் அந்த ஓரத்துக் கட்டமும் சேர்ந்து ஒரே கட்டமாகப் படிய வேண்டும். இரண்டு ஓரத்திலும் பட்டை வந்துவிட்டால் ஒன்றை மடித்து உள்ளே தள்ளிவிடுவார். "ரெண்டு பட்டையும் வெளிய நின்னா கட்டிக்கினு நடக்க சொல்லோ தடிப்பா தெரியும்டா" என்பார்.

சின்ன வயதில் அவர் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் டிடிபி கடை வைத்து, ஃபிளெக்ஸ் பின்னணிக்குப் பூ டிசைன் ஒட்டும்போது இதே தப்பைத்தான் நானும் செய்தேன். பத்தடி பேனர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. கல்யாண வீட்டுக்காரர் டிசைன் என்றே நினைத்துக்கொண்டார், பிழைத்தேன்.

2024 செப்டம்பர் 15, இரவு 9.40

இப்போது தார் ரோடு. இதில் ஓரக் கோடு எதுவும் கிடையாது, ஆனாலும் கட்டம் தெரிகிறது என்கிறாய். மூன்று சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெளித்திருக்கிறாய். ஓரத்தில் இருக்கும் ஜல்லிப் புள்ளிகள் பாதியோடு நின்றுவிடுகின்றன. வலது ஓரத்தில் இரண்டு பிக்சல் ஜல்லியில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று அடுத்த டைலின் இடது ஓரத்தில் இருந்திருக்க வேண்டும்.

படத்தை அப்படியே நகர்த்தும் ஆஃப்செட் கட்டளை இதற்குத்தான். லேயர், டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட். ஷிஃப்ட், கண்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தினாலும் வரும். எக்ஸ் 8, ஒய் 8 கொடு. கீழே ஓரத்தை என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் ரேப் அரவுண்ட் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் வலது பக்கம் வழிந்தது இடது பக்கம் வந்து சேரும். நாலு மூலையும் நடுவில் கூடும். ஓரத்தில் ஒளிந்திருந்த தப்பெல்லாம் நடுவில் கூட்டல் குறி மாதிரி வந்து நிற்கும். பென்சில் கருவியை எடுத்து, அளவு 1 வைத்து, அந்தக் கூட்டல் குறியை மட்டும் அழி. பாதியில் நிற்கும் ஜல்லியை முழுசாக்கு, அல்லது எடுத்துவிடு. பிரஷ் வேண்டாம், அது ஓரத்தை மழுப்பும். முடிந்ததும் இன்னொரு தடவை 8, 8 கொடுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

2024 செப்டம்பர் 15, இரவு 10.00

அந்த டைல் சீம்லெஸ் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அது படத்தையும் அதே படத்தை நகர்த்திய நகலையும் ஒன்றன் மேல் ஒன்று கரைத்துக் கலக்கிவிடும். புல்வெளி ஃபோட்டோ, கல் ஃபோட்டோவுக்கு ஓரளவு சரி. பிக்சல் ஆர்ட்டுக்கு விஷம். ஐந்து நிறத்தில் நான் வரைந்த ஒரு தரையில் போட்டுப் பார்த்தேன், நிறம் எண்பதைத் தாண்டிவிட்டது. மொத்தமே 256 பிக்சல்தான் அதில். நீ பார்த்த மங்கல் அதுதான். தொடாதே.

2024 செப்டம்பர் 18, இரவு 11.15

15ஆம் தேதி எழுதியதில் ஒரு ஓட்டை. நானே நேற்று புல் டைல் செய்யும்போது விழுந்தேன்.

8, 8 நகர்த்தியதும் வரும் கூட்டல் குறியின் நாலு நுனியும் படத்தின் ஓரத்தைத் தொடுகின்றன, இல்லையா? மேல் ஓரத்தின் நடு, கீழ் ஓரத்தின் நடு, இடது நடு, வலது நடு. அந்த இடங்களில் நீ ஒரு புள்ளியை மாற்றினால் இப்போது இருக்கும் ஓரத்தில் புதுத் தப்பு சேர்கிறது. திருப்பி நகர்த்தும்போது அது நடுவில் வந்து உட்காரும். ஒரு தையலைப் பிரித்து இன்னொரு தையல் போட்ட கதை.

அதனால் மூன்று நகர்த்தலாகச் செய்கிறேன். முதலில் எக்ஸ் மட்டும் 8. நெடுக்காக ஒரு கோடுதான் வரும், அதைத் திருத்து, மேல் கீழ் நுனியை மட்டும் தொடாதே. பழையபடி ஆக்கிவிட்டு ஒய் மட்டும் 8, குறுக்குக் கோட்டைத் திருத்து, இங்கே இடது வலது நுனியை விட்டுவிடு. கடைசியில் இரண்டும் 8. இப்போது நாலு மூலை கூடும் நடுப்புள்ளியைச் சுற்றி மட்டும் வேலை. நேரம் கூடத்தான் ஆகும். 16க்கு 16 என்றால் ஒரு டீ ஆறும் நேரம்.

2024 செப்டம்பர் 22, மாலை 6.30

"ஒவ்வொரு தடவையும் ஒட்டிப் பார்க்கணுமா" என்று கேட்டிருந்தாய். வேண்டாம்.

டைல் முழுவதையும் செலக்ட் செய்து காப்பி எடு. ஜிம்ப் அதைத் தானாகவே பேட்டர்ன் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கும். 160க்கு 160 புதுப் படம் திறந்து அந்தப் பேட்டர்னால் நிரப்பு, பத்துக்குப் பத்து வந்துவிடும். இதை நான் தெரிந்துகொள்ளவே இரண்டு வருஷம் ஆனது, அதுவரைக்கும் கையால் நூறு தடவை பேஸ்ட் செய்துகொண்டிருந்தேன். சிரிக்காதே.

இன்னொரு வழி. 48க்கு 48 படம் திறந்து சிமெட்ரி பெயிண்டிங் பெட்டியில் டைலிங் தேர்ந்தெடு. இண்டர்வல் இரண்டும் 16. ஒரு புள்ளி வைத்தால் ஒன்பது இடத்தில் விழும். கோடு ஓரத்தைத் தாண்டிப் போனாலும் அடுத்த கட்டத்தில் தானே தொடரும், ஆஃப்செட்டே தேவைப்படாது. முடிந்ததும் நடுக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள். 2.10இல் வந்த வசதி இது, என்னிடம் இருப்பதும் அதுதான்.

கிருதா என்ற வரையும் மென்பொருளில் டபிள்யூ விசையைத் தட்டினால் படமே எல்லாத் திசையிலும் தொடர்ந்து ஓடும், அதன் மேலேயே வரையலாம். அதுவும் இலவசம்தான். ஏஸ்ப்ரைட்டில் டைல்ட் மோட் என்று தனியாகவே உண்டு. பிக்சல் வேலைக்கென்றே பிறந்த மென்பொருள், ஆனால் காசு. கடையில் இருக்கும் ஃபோட்டோஷாப்பிலும் 2021 பதிப்பிலிருந்து பேட்டர்ன் பிரிவியூ வந்துவிட்டது. எனக்குக் கைபழகியது ஜிம்ப். பழகிய கத்திரிக்கோலை யாரும் மாற்ற மாட்டார்கள்.

2024 செப்டம்பர் 29, இரவு 10.20

ஸ்டேஷன் தூணுக்கு நீ முழு நீளப் படம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறாய். தேவையில்லை. அடி ஒரு டைல், உச்சி ஒரு டைல், நடுவில் திரும்பத் திரும்ப வரும் ஒரு டைல். நடு டைல் மேலும் கீழும் மட்டும் பொருந்தினால் போதும், பக்கவாட்டில் பொருந்த அவசியமே இல்லை. ஒய் மட்டும் ஆஃப்செட். எவ்வளவு உயரத் தூணும் இந்த மூன்றில் வந்துவிடும்.

அந்தக் கட்டடத்தை அவசரமாக வரையாதே தம்பி. 1856இல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. நேரில் போய்த் தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி என்று அடி வைத்து எண்ணிவிட்டு வா. இடைவெளி தூண் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்தால் டைல் கணக்கு தானாக வரும்.

2024 அக்டோபர் 6, இரவு 11.50

வேலையில்லாமல் எழுதுகிறேன், விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் வீட்டில் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் ஒன்று இருந்தது. மஞ்சள் கேசட், மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வரும். அதுவும் ஒரு டைல்தானே! அந்த மாதிரி பெட்டிகள் ஜப்பான்காரர்களின் ஃபேமிகாமைப் பார்த்து அடித்த நகல். அதில் திரை 256க்கு 240 பிக்சல். 8க்கு 8 டைலாகப் பிரித்தால் அகலத்தில் 32, உயரத்தில் 30, ஆக 960 கட்டம். பின்னணிக்கு ஒரு நேரத்தில் கைக்கு இருப்பது 256 டைல். 960 இடத்தை 256ஐ வைத்து நிரப்ப வேண்டும். ஒரு டைலில் நாலு நிறத்துக்கு மேல் கிடையாது.

1985இல் வந்த சூப்பர் மாரியோவில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு. அவ்வளவு நாள் விளையாடியும் எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு யாரோ சொல்லித்தான் பார்த்தேன். பார்த்த பிறகு வேறு மாதிரி பார்க்கவே முடியவில்லை. ஏமாந்தது ஒரு பக்கம், அந்தச் சிக்கனத்தைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது இன்னொரு பக்கம்.

2024 அக்டோபர் 16, இரவு 9.15

நேற்று முழுக்க மழை, தெருவில் முட்டியளவு தண்ணீர், கரண்ட் இல்லை. கடை திறக்கவில்லை. லேப்டாப்பில் இருந்த சார்ஜில் உன் சுவரைப் பெரிதாக நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா பின்னால் வந்து நின்றார்.

"மூட்டுலாம் தெர்ல. ஆனா இன்னாடா, எல்லா எடத்துலயும் அதே செங்கல்லுக்கே பாசி புட்சிருக்கு?"

ஒரு மாசமாக மூட்டு மூட்டு என்று இத்தனை எழுதினேனே, எனக்கு இது தோன்றவில்லை. நீ மூன்றாவது வரிசையில் ஒரு செங்கல்லுக்குப் பச்சையாக மூன்று பிக்சல் வைத்திருக்கிறாய். டைலாகப் பார்த்தால் அதுதான் அழகு. நூறு டைலாகப் பார்த்தால் பச்சைப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயரில் நிற்கிற மாதிரி. மூட்டு போய்விட்டது, அச்சு தெரிகிறது.

நீ கேட்ட கேள்விக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஓரம் பொருந்துவது பாதி வேலை. கணக்கு போட்டால், ஆஃப்செட் போட்டால் முடிந்துவிடும். கண்ணை இழுக்கிற எதுவும் டைலுக்குள் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சப் பாதி, அதற்கு எந்த மெனுவும் கிடையாது. ஒரே ஒரு வெளிச்சமான பிக்சல் போதும், எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பாசியை எடு என்று சொல்லவில்லை. அடிப்படை டைலில் பாசி, உடைசல், கறை எதுவும் வேண்டாம், சப்பென்று இருக்கட்டும். அதை நகலெடுத்து மூன்று மாற்று டைல் செய். ஒன்றில் பாசி, ஒன்றில் மூலை உடைந்த செங்கல், ஒன்றில் கிழிந்த போஸ்டர் துண்டு. சுற்றி ஒரு பிக்சல் ஓரத்தை மட்டும் தொடாதே, உள்ளே இருக்கும் 14க்கு 14இல் என்ன வேண்டுமானாலும் செய். ஓரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதால் எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். பத்து சப்பை டைலுக்கு ஒரு பாசி டைல் போதும்.

2024 நவம்பர் 3, இரவு 10.40

கடல். நாலு படம் தனித்தனியாக வரைந்து ஓட்டியிருக்கிறாய், குதிக்கிறது. ஒரு படம் போதும். அலை வெளிச்சத்தைத் தனி லேயரில் வை, அதை நாலு நகலெடு. முதலாவது அப்படியே. மற்றவற்றுக்கு எக்ஸ் ஆஃப்செட் 4, 8, 12. அடுத்தது 16, அதாவது மறுபடி முதலாவதே. இடத்திலும் மூட்டு இல்லை, காலத்திலும் மூட்டு இல்லை. ஃபில்டர்ஸ், அனிமேஷன், பிளேபேக்கில் ஓட்டிப் பார்.

எல்லா வெளிச்சமும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் மாவு மில் பெல்ட் மாதிரி இருக்கும். இன்னும் மங்கலாக ஒரு லேயர் வைத்து அதை ஒய் பக்கம் நகர்த்து. இரண்டும் சேர்ந்தால் தண்ணீராகிவிடும்.

2024 நவம்பர் 5, காலை 8.00

"நடுங்குது, ஓடல" என்று அனுப்பியிருக்கிறாய். என் தப்புதான், உன் அலையைச் சரியாகப் பார்க்காமல் சொன்னேன். 16 பிக்சலில் ஒரே மாதிரி இரண்டு அலை முகடு வரைந்திருக்கிறாய், 8 பிக்சலுக்கு ஒன்று. அதை 4 நகர்த்தினால் சரியாகப் பாதி தூரம். முன்னால் போனதா பின்னால் வந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது, இங்கும் அங்கும் ஆடுவது போலத்தான் இருக்கும். இரண்டில் ஒரு முகட்டைச் சின்னதாக்கி இடத்தையும் கொஞ்சம் மாற்று. இல்லையென்றால் 2 பிக்சலாக நகர்த்தி எட்டுப் படம் ஆக்கு.

2024 நவம்பர் 17, இரவு 11.05

வலை டைல். காசிமேட்டில் காயப்போட்டிருக்கும் வலை மாதிரி வேண்டும் என்றாய். சாய்வுக் கோட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. நீ போட்டிருப்பது மூன்று பிக்சல் குறுக்கே போனால் ஒரு பிக்சல் இறங்கும் சாய்வு. 16ஐ மூன்றால் வகுத்தால் மீதி வரும், அதனால் ஓரத்தில் படி உடைகிறது. இரண்டு குறுக்கே, ஒன்று கீழே என்று வை. 16 போவதற்குள் 8 இறங்கும். 8 பிக்சலுக்கு ஒன்றாக இணைகோடுகள் போட்டிருந்தால், இந்தக் கோடு வெளியேறும் இடத்தில் அடுத்த டைலின் இன்னொரு கோடு தயாராக நிற்கும். எதிர்த் திசையிலும் அதே மாதிரி போட்டால் 16 அகலம், 8 உயரத்துக்கு வலைக்கண் விழும்.

இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நாலைந்து பிக்சல் சேர்ந்து தடிப்பாகும். சுரண்டி எடுக்கப் பார்க்காதே, வலையில் அங்கே முடிச்சுதானே இருக்கிறது.

2024 டிசம்பர் 8, மாலை 5.45

இந்தத் தடவை தப்பு உன் படத்தில் இல்லை. நடக்கும்போது மட்டும் டைலுக்கு நடுவில் மயிரிழை மாதிரி கோடு மின்னி மறைகிறது, நின்றால் போய்விடுகிறது என்றால் அது கேம் எஞ்சின் செய்யும் வேலை. கேமரா அரைப் பிக்சலில் நிற்கும்போது, எல்லா டைலையும் அடுக்கி வைத்த ஷீட்டில் பக்கத்தில் இருக்கும் டைலின் நிறத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஃபில்டரை நியரஸ்ட் ஆக்கு, கேமராவை முழுப் பிக்சலில் நிற்க வை. அப்படியும் போகவில்லை என்றால் ஷீட்டில் ஒவ்வொரு டைலையும் சுற்றி அதன் ஓரப் பிக்சலையே ஒரு பிக்சல் நீட்டி வை. எதை உறிஞ்சினாலும் அதே நிறம்தான் கிடைக்கும். நைனா மொழியில் சொன்னால் தையலுக்கு விடுகிற துணி.

பெரிதாக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு. ஒன்றரை மடங்கு கூடவே கூடாது, சில பிக்சல் குண்டாகும், சில ஒல்லியாகும். ஸ்கேல் பெட்டியில் இண்டர்போலேஷன் நன் (None) என்று இருக்கணும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே. அது ஜேபெக் ஆக்கி அனுப்பும், உன் ஐந்து நிறம் என் கைக்கு வரும்போது ஐம்பது. பிஎன்ஜியை டாக்குமெண்டாக அனுப்பு. மூன்று நாளாக இல்லாத மூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

2024 டிசம்பர் 29, காலை 6.50

மார்கழி. எதிர்வீட்டு அக்கா வாசலில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போனவன் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சதுரக் கட்டம் இருப்பதாக நினைத்துக்கொள். கம்பி ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டில் ஒன்றுதான் செய்கிறது. பக்கத்துப் புள்ளிக்குத் தாண்டிப் போகிறது, இல்லையென்றால் வளைந்து திரும்புகிறது. நாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வழி, மொத்தம் 16 கட்டம். திருப்பி வைத்தால் ஒன்றாகிறவற்றைக் கழித்தால் ஆறுதான். இந்தக் கட்டத்தின் வலது பக்கம் தாண்டினால் அடுத்ததன் இடது பக்கமும் தாண்டியாக வேண்டும், விதி அவ்வளவுதான். நிலமும் கடலும் சேரும் இடத்துக்கு நீ கேட்ட ஆட்டோடைல், அதாவது பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பொருந்தும் டைல் தானாக வந்து உட்காருவது, இதேதான்! ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்து எது எதன் பக்கத்தில் வரும் என்று முடிவாகிறது. ஹாவோ வாங் என்ற கணித அறிஞர் 1961இல் ஓரத்தில் நிறம் பூசிய சதுரங்களை வைத்து இதே விதியை எழுதினார். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிவிட்டார்கள். நம்ம ஊரில் நடந்தது, எனக்கு இதுநாள் வரை தெரியாது.

அக்காவிடம் "மொத்தம் பதினாறு கட்டம்தான்க்கா" என்றேன். "பால் கெட்டுப்போகும், வீட்டுக்குப் போப்பா" என்றார்.

2025 ஜனவரி 1, பகல் 12.30

16 போதாது. கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவின் உள்மூலையில் ஒரு பொத்தல் தெரிகிறது என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் புரிந்தது. கோலத்தில் கம்பி மூலையைத் தொடாது, அதனால் 16இல் அடங்கிவிட்டது. கல்லுக்கு மூலையும் கணக்கு. நாலு பக்கமும் கல், குறுக்கு மூலையில் மட்டும் தண்ணீர் என்றால் அந்த மூலையில் சின்னதாகக் கடல் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டுத் திசையையும் எண்ணினால் 256 வரும். ஆனால் ஒரு மூலைக்கு இரு பக்கமும் கல் இருந்தால்தான் அந்த மூலையைப் பற்றிக் கவலை, அப்படிக் கழித்தால் 47. நாற்பத்தேழையும் வரைய வேண்டாம், உன் வரைபடத்தில் நிஜமாக வருகிறவற்றை மட்டும் வரை. எண்ணிப் பார்த்தேன், உனக்கு 21தான்.

புத்தாண்டு வாழ்த்து.

2025 ஜனவரி 9, இரவு 10.10

ஸ்டேஷன் தூணிலிருந்து காசிமேடு வரைக்கும் நடந்துவிட்டேன். மூட்டு எங்கேயும் இல்லை. பாசி மூன்று இடத்தில்தான் கண்ணில் பட்டது, மூன்றும் வேறு வேறு இடைவெளியில். வலை நன்றாக வந்திருக்கிறது.

நைனாவிடம் ஃபோனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"போட்டுல கொடிலாம் இந்தாண்ட பறக்குது. அலை இன்னா அந்தாண்ட போவுது?"

மைனஸ் 4 ஆக்கு தம்பி.